வீட்டுத்திட்டக் கூட்டத்தில் கையெழுத்து வைக்க முன்

வன்னியில் ஒரு வீட்டுத்திட்டமோ சந்தைக் கட்டடமோ புதுக் குடியேற்றமோ வரப்போகிறது என்பது ஊருக்குத் தெரியவரும் வழி அநேகமாக ஒன்றுதான். கிராம அலுவலர் அலுவலகப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அல்லது கோயில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள்: நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம், எல்லாரும் கட்டாயம் வரவும். வந்தவர்களுக்குத் திட்டத்தை விளங்கப்படுத்துவார்கள். இரண்டு மூன்று பேர் கேள்வி கேட்பார்கள், "கவனத்தில் எடுக்கிறோம்" என்று பதில் வரும். இதற்கிடையில் ஒரு தாள் கதிரை கதிரையாக நகர்ந்து வரும். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். தேநீர் குடித்துவிட்டு எல்லாரும் கலைந்துவிடுவார்கள். பிறகு ஒருநாள் காணியில் பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) நிற்கும். ஏன் என்று கேட்டால் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்: "ஊர்ச்சனம் சம்மதம் எண்டு கையெழுத்து வைச்சிருக்கே."

ஆகவே முதலில் அந்தத் தாளைப் பற்றிப் பேசுவோம். வருகைப் பதிவு வேறு, சம்மதப் பத்திரம் வேறு. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். முதற்பக்கத்தின் தலைப்பில் மட்டுமே வித்தியாசம் தெரியும், உங்கள் கைக்கு வருவதோ கோடு மட்டும் போட்ட மூன்றாம் பக்கம். தலைப்பில்லாத பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். முதற்பக்கத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள், தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். பிறகு கையொப்பத்துக்குப் பக்கத்திலேயே "வருகைக்காக மட்டும்" என்று எழுதித் திகதியையும் போடுங்கள். இரண்டு சொல்தான். ஆனால் பின்னாளில் அந்தத் தாள் எந்தக் கோவைக்குள் போய் இருந்தாலும் அந்த இரண்டு சொல்லும் கூடவே போகும். ஒருவர் எழுதினால் பின்னால் இருப்பவர்களும் எழுதுவார்கள். அதிகாரி முகம் சுளிப்பார் என்று தயங்க வேண்டியதில்லை. நேர்மையாக நடத்தப்படும் கூட்டத்தில் இதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

அடுத்தது கூட்டக் குறிப்பு. வாயால் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறாவிட்டால் சொல்லாததற்குச் சமம். யார் குறிப்பு எடுக்கிறார் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். முடியும்போது ஊரவர் சொன்ன ஆட்சேபனைகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, சொல்லப்போவதை வீட்டிலேயே ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோவது. ஒன்றைக் கொடுத்து, "இதைக் கூட்டக் குறிப்போடு இணைக்கவும்" என்று கேட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் திகதியும் வாங்கலாம். கூட்டத்தில் முத்திரை இல்லை என்றால் மறுநாளே பிரதேச செயலகத்துக்குப் போய்த் திகதி முத்திரை குத்தி வாங்கிவிடுங்கள்.

இனி, எந்தக் கூட்டத்துக்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது, எதற்கு இல்லை என்பது. இதில்தான் ஊர் அதிகம் இடறுகிறது.

பெரும்பாலான வீட்டுத்திட்டங்களுக்கு ஊர்க்கூட்டம் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. நிதி தரும் அமைப்பு கேட்கிறது, அதனால் வைக்கிறார்கள். தனி ஒருவர் தன் வளவில் வீடு கட்டப் பிரதேச சபையில் அனுமதி எடுப்பதற்கும் அயலாரைக் கூப்பிட்டுக் கேட்கும் நடைமுறை இல்லை. அங்கே அயலார் செய்யக்கூடியது தவிசாளருக்கு எழுத்தில் ஆட்சேபனை கொடுப்பது, அதுவும் திட்டமிடல் குழு கூடுவதற்கு முதல் கொடுப்பது.

சட்டப்படி காலம் ஒதுக்கப்பட்ட சந்தர்ப்பங்கள் சில உண்டு. நாட்கணக்கு ஒவ்வொன்றுக்கும் வேறு.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988 இல் சேர்க்கப்பட்ட பகுதியின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவையான திட்டம் என்றால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வர வேண்டும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். எந்தத் திட்டங்கள் இதற்குள் அடங்கும் என்பதை 1993 ஜூன் 24 ஆம் திகதிய 772/22 ஆம் இலக்க வர்த்தமானி பட்டியலிட்டது. அதில் வீடமைப்புக்கு 1,000 வீடுகளுக்கு மேல் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "எங்கட திட்டம் 120 வீடுதானே, இது எங்களுக்குப் பொருந்தாது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதே பட்டியலை இன்னும் கொஞ்சம் கீழே வாசிக்க வேண்டும். 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது அதில் இருக்கிறது. 1 ஹெக்டேயர் என்பது இரண்டரை ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. முல்லைத்தீவிலோ வவுனியா வடக்கிலோ 120 வீட்டுக்குக் காணி துப்புரவாக்கினால் இந்த எல்லையைத் தாண்டாமல் இருப்பது கடினம். 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புவது, 50 ஹெக்டேயருக்கு மேல் நிலம் துப்புரவாக்குவது, 100 குடும்பங்களுக்கு மேல் அவர்கள் விருப்பமின்றி இடம் மாற்றுவது ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளவையே. ஒரே திட்டத்தை இரண்டு மூன்று கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் எல்லைக்குக் கீழே காட்டினால், கட்டங்களைக் கூட்டிப் பார்க்கும்படி எழுத வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முழு மதிப்பீடு வேண்டுமா, சிறிய அளவிலான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை போதுமா என்பதை அனுமதி வழங்கும் நிறுவனம் முடிவு செய்யும். ஆரம்ப பரிசோதனைக்கு இருந்த 30 நாள் கருத்துக் காலம் 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு இல்லாமற் போய்விட்டது. ஆனாலும் அந்த அறிக்கை பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணம்தான். கேட்டால் காட்ட வேண்டும். கேட்காத ஊருக்கு யாரும் கொண்டுவந்து காட்டுவதில்லை.

நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு உட்பட்ட பிரதேசம் ஒன்றுக்கு அபிவிருத்தித் திட்டம் தயாரித்தால் வரைவை 60 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும். எந்த வீதியோரம் வணிகம், எந்த வயல் குடியிருப்பு, எந்தக் குளத்தைச் சுற்றி எவ்வளவு ஒதுக்கு என்பதெல்லாம் அந்த வரைபடத்தின் நிறங்களில் இருக்கின்றன. வவுனியா, கிளிநொச்சி போன்ற நகரங்களுக்குப் பக்கத்து ஊர்கள் தனித்தனிக் கட்டடத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இந்த 60 நாளில் நான்கு பேர் போய் வரைபடத்தைப் பார்ப்பது எவ்வளவோ மேல். வரைபடம் வர்த்தமானியில் ஏறிய பிறகு அதற்கு இணங்க வரும் கட்டடத்தை மறுக்க அநேகமாக வழி இருக்காது.

தனியார் காணியைச் சுவீகரிக்கப் போகிறார்கள் என்றால் 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு அறிவித்தல் முதலில் வரும். அது "பார்க்கப் போகிறோம், அளக்கப் போகிறோம்" என்ற மட்டில்தான். ஆட்சேபனைக்கு உரியது 4 ஆம் பிரிவு அறிவித்தல். அதற்குக் குறைந்தது 14 நாள் தவணை உண்டு, அறிவித்தலிலேயே கடைசித் திகதி இருக்கும். இரண்டையும் மாறி விளங்கிக்கொண்டு, 2 ஆம் பிரிவுக்கு ஊரே திரண்டு போராட்டம் நடத்திவிட்டு, 4 ஆம் பிரிவு வரும்போது களைத்துப்போய் எழுத்தில் ஒன்றும் கொடுக்காமல் விடக்கூடாது.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன் நடந்த உதாரணம் 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,941 ஏக்கர் குறிக்கப்பட்டு, உரிமை கோருவோர் 3 மாதத்துக்குள் வர வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்க் காணிகளும் அதற்குள் இருந்தன. உறுதி அழிந்துபோனவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், இடம்பெயர்ந்து இன்னும் திரும்பாதவர்கள் எல்லாரும் 3 மாதத்தில் எப்படி வருவது? கடும் எதிர்ப்புக்கும் உயர் நீதிமன்ற வழக்குக்கும் பிறகு அது மீளப்பெறப்பட்டது. ஆனால் ஊரில் எத்தனை பேருக்கு முதல் மாதத்திலேயே அது தெரிந்திருந்தது என்பதுதான் கேள்வி. கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்கி, வெள்ளிதோறும் வரும் வர்த்தமானியையும் இடையில் வரும் அதிவிசேட வர்த்தமானிகளையும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்க்கச் செய்யலாம். தமிழிலேயே இருக்கிறது. தங்கள் மாவட்டப் பெயரைத் தேடினால் கால் மணி நேர வேலை.

அரச காணிப் பங்கீடு என்றால் காணிக் கச்சேரி. வன்னியின் குடியேற்றத் திட்டங்கள் பலவும் இந்த வழியாக வந்தவையே. அங்கே விண்ணப்பகாரர்களை எல்லார் முன்னிலையிலும் விசாரிப்பார்கள், ஆட்சேபனையை வாயாலேயே சொல்லலாம். "அந்தத் துண்டுக்குள் ஊர் மாடு போகும் பாதை இருக்கு" என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதுகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை எதற்குள்ளும் அடங்காத சாதாரண வீட்டுத்திட்டத்துக்கு? அங்கே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம்தான் கைக்கருவி. அதன் 9 ஆம் பிரிவு அதிகம் பேசப்படாதது. உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாய்க்கு மேலோ வெளிநாட்டு நிதியில் 100,000 அமெரிக்க டொலருக்கு மேலோ பெறுமதியான திட்டம் என்றால், தொடங்குவதற்கு 3 மாதத்துக்கு முன்பே அதன் விபரங்களைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிப்பது அமைச்சரின் கடமை. அவசரத் திட்டமானால் 1 வாரம். 5 இலட்சம் ரூபாய் என்பது இன்றைக்கு ஒரு வீட்டுக்கே போதாத காசு. அப்படியானால் எந்த வீட்டுத்திட்டம் இதற்கு வெளியே நிற்கும்?

விண்ணப்பம் எழுதத் தெரியாது என்றால் வாயாலும் கேட்கலாம். தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. கேட்கும்போது "திட்ட விபரம் தரவும்" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பக்கச் சுருக்கம் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: நில அளவைப் படமும் துண்டுகளின் அமைப்பும், பயனாளி தெரிவுக்கான புள்ளி முறை, மண் பரிசோதனை அறிக்கை, கமநல அபிவிருத்தித் திணைக்களமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் வனத் திணைக்களமும் கொடுத்த கடிதங்கள், வேலையின் அளவுப் பட்டியல், ஊர்க்கூட்டக் குறிப்பு, வருகைத் தாளின் எல்லாப் பக்கங்களும். கடைசியில் சொன்னதைக் கட்டாயம் கேட்கவும். தலைப்புப் பக்கம் மாறியிருந்தால் அப்போதுதான் தெரியும்.

சட்டம் இவ்வளவு போதும். ஆட்சேபனைக் கடிதத்துக்கு உயிர் கொடுப்பது நிலத்தைப் பற்றி ஊருக்கு மட்டுமே தெரிந்த செய்திகள்.

வன்னியில் எல்லாக் கேள்விக்கும் முதல் தண்ணீர்க் கேள்வி. காணி பார்க்க அதிகாரிகள் வருவது ஆடி ஆவணியில். அப்போது குளத்தின் அலைகரையும், அதாவது மாரியில் குளத்து நீர் பரவி நிற்கும் நிலமும், வெறும் பற்றைக்காடு போலத்தான் தெரியும். தூர்ந்துபோன சிறு குளம் என்றால் கட்டே கண்ணுக்குப் படாது. ஊர்ப்பெயரையும் காணிப்பெயரையும் கேளுங்கள். மோட்டை, மடு, தாழ்வு, முறிப்பு, வில்லு என்று முடிகிற காணியில் தண்ணீர் ஒரு காலத்தில் நின்றது, அல்லது உடைத்துக்கொண்டு ஓடியது. முன்னோர் காரணமில்லாமல் பெயர் வைக்கவில்லை. மருதமரங்கள் வரிசையாக நின்றால் அது பழைய ஓடை. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடத்தில் தூர்ந்த குளங்களும் குறிக்கப்பட்டிருக்கலாம். கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரே இடத்தை ஆவணியிலும் தையிலும் எடுத்த இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்து அச்சிட்டால் பத்துப் பேர் பேசுவதைவிட அது அதிகம் பேசும். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது இந்த இடத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது? முழங்காலா, இடுப்பா? அடியில் அளந்து, நின்ற நாட்களின் எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

காணி உயரமாக இருந்தாலும் அங்கே விழும் மழை எங்கே போகும் என்பது அடுத்தது. கணக்கு எளிது. 550 சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 51 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், கார்த்திகையில் அது ஒரே நாளில் பெய்யக்கூடியது, ஒரு கூரையிலிருந்து 5,100 லீற்றர் இறங்கும். 100 வீட்டுக்கு 510,000 லீற்றர். 3 மீற்றர் அகலத்தில் 1 கிலோமீற்றர் கொங்கிறீற்று வீதி போட்டால் அதிலிருந்து இன்னொரு 300,000 லீற்றர். முன்பு இதில் ஒரு பகுதியைக் காடு உறிஞ்சியது. இனி முழுவதும் பள்ளத்தை நோக்கி ஓடும். அந்தப் பள்ளத்தில் யாருடைய வயல், யாருடைய கிணறு? வீதிக்குக் குறுக்கே போடப்போகும் மதகின் வாய் எத்தனை அங்குலம், அது எந்த வாய்க்காலில் போய் விழும்? வரைபடத்தில் மதகு காட்டியிருப்பார்கள், அதற்குப் பிறகு வாய்க்கால் இருக்காது. மதகோடு நின்றுவிடும் வடிகால் அடுத்த ஊருக்கு வெள்ளம் அனுப்பும் குழாய் மட்டுமே. ஆகவே கீழ்ப்பக்க ஊரின் கமக்காரர் அமைப்பையும் கூட்டத்துக்கு அழைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். வயல் நிலத்தை நிரப்பப் போகிறார்கள் என்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி தேவை. அதன் பிரதியையும் கேட்கலாம்.

கிணறும் மலசலகூடக் குழியும். இதை ஒரு தாளில் அளவுத்திட்டப்படி வரைந்து பார்க்கச் சொல்வேன். 2 பரப்பு, அதாவது 20 பேர்ச் காணி என்றால் 5,445 சதுர அடி. 55 அடி அகலம், 99 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணறு முன்வேலியிலிருந்து 10 அடி உள்ளே, குழி பின்வேலியிலிருந்து 10 அடி உள்ளே என்றால் இடையில் 79 அடி. வழக்கமாகக் கேட்கும் 50 அடி தாராளமாகக் கிடைக்கிறது. காணி 1 பரப்பாகச் சுருங்கினால், 45 அடிக்கு 60.5 அடி. இரண்டையும் வேலியோடு ஒட்டி 5 அடியில் வைத்தாலும் இடைவெளி 50.5 அடிதான், நடுவில் வீடும் நிற்க வேண்டும். இதுவும் உங்கள் குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் உள்ள தூரம் மட்டுமே. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசையில், பின்வீட்டுக்காரர் கிணற்றைப் பின்பக்கம் வெட்டினால் உங்கள் குழிக்கும் அவர் கிணற்றுக்கும் இடையில் 10 அடி வரும். "கிணறு எல்லாம் முன்பக்கம், குழி எல்லாம் பின்பக்கம்" என்று முழு வரிசைக்கும் ஒரே விதி அமைப்புப் படத்திலேயே குறிக்கப்பட வேண்டும். வீடு கொடுத்த பிறகு ஒவ்வொருவர் வசதிக்கு வெட்டத் தொடங்கினால் திருத்த முடியாது. மாரியில் நிலத்தடி நீர் மேலெழும் தாழ்ந்த காணியில் குழி நிரம்பிப் பின்னோக்கித் தள்ளும் என்பதால் அங்கே மேட்டில் உயர்த்திக் கட்டும் குழி வேண்டும். அதற்கான செலவு அளவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீரின் தரத்தையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். வவுனியா வடக்கு போன்ற இடங்களில் சிறுநீரக நோய்ப் பயம் உள்ளதை யாவரும் அறிவர். நூறு குடும்பத்தைக் குடியமர்த்த முன் அந்தக் காணியில் ஒரு கிணறாவது வெட்டி நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதித்த அறிக்கை இருக்க வேண்டும்.

மண்ணைப் பொறுத்தவரை, முருங்கன் பக்கத்துக் களிமண் போல மாரியில் ஊதி, கோடையில் வெடிக்கும் மண் உள்ள இடத்தில் வழக்கமான கல் அத்திவாரம் சில வருடத்தில் சுவரைக் கிழித்துவிடும். அங்கே அத்திவாரத்துக்கு மேல் கம்பி போட்ட வளைக்கட்டு (சுற்றிவரப் போடும் கொங்கிறீற்றுக் கட்டு) இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. யானை வரும் பாதை, மாட்டுப் பாதை, சுடலைக்குப் போகும் பாதை, தேன் விறகுக்குப் போகும் பாதை என்பவற்றை ஒரு கைப்படத்தில் குறித்துக் கொடுங்கள். நில அளவைப் படத்தில் இவை இருக்காது. 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது, நகர அபிவிருத்திச் சட்டத்துக்கு உட்பட்ட இடமானால், வீதிகளைத் தவிர்த்து 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டும். அந்த 10 சதவீதத்தைப் பள்ளக்காணியில் ஒதுக்கித் தள்ளியிருப்பதைப் பல படங்களில் காணலாம். பிள்ளைகள் விளையாட வேண்டிய இடம் அது, குளம் கட்ட அல்ல.

காட்டு விடயத்தில் வன்னிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இடம்பெயர்ந்து இருந்த ஆண்டுகளில் வளவுக்குள் வளர்ந்த மரத்தைக் கண்டு காடு என்று எல்லைக்கல் போட்ட இடங்கள் இருக்கின்றன. அப்படியான காணிக்குக் கருத்து எழுதும்போது உத்தரவுப் பத்திரம் தொலைந்திருந்தாலும், உடைந்த கட்டுக்கிணறு, வரிசையாக நிற்கும் தென்னை, பழைய அத்திவாரக் கல், கோயில் சூலம் இவற்றைப் படம் எடுத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் தொலைபேசியில் குறித்து இணைக்கலாம். குடியிருந்ததற்கு நிலமே சாட்சி சொல்லும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. மேலே திகதி, அறிவித்தலின் இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, காணிப் படத்தின் இலக்கம், துண்டு இலக்கங்கள். பிறகு இப்படி: "துண்டு 14 முதல் 22 வரையானவை குளத்தின் அலைகரைக்குள் அமைகின்றன. 2018 மார்கழியில் இங்கு இரண்டரை அடி நீர் நான்கு நாள் நின்றது. இணைப்பு 1, 2 இல் படங்கள் உள்ளன. இந்த ஒன்பது துண்டுகளையும் வீதிக்கு வடக்கே உள்ள மேட்டுக் காணிக்கு மாற்றும்படியும், மாற்ற முடியாதெனில் காரணத்தை எழுத்தில் தரும்படியும் கேட்கிறோம்." ஒரு பந்திக்கு ஒரு விடயம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கோரிக்கை. "இத்திட்டத்தை முற்றாக எதிர்க்கிறோம்" என்ற ஒரு வரிக் கடிதத்தில் முன்னூறு கையெழுத்து இருந்தாலும் அதற்குப் பதில் எழுத வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அளவோடும் இலக்கத்தோடும் கேட்டால் பதில் எழுதியே ஆக வேண்டும். ஒரே கடிதத்தை நூறு பேர் படியெடுத்து அனுப்புவதைவிட, கிணறு பற்றி ஒருவர், வாய்க்கால் பற்றி கமக்காரர் அமைப்பு, பாதை பற்றி மாதர் சங்கம் என்று தனித்தனியே ஐந்து கடிதம் போவது வலிமை. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள். பிரதிகள் பிரதேச செயலாளர், பிரதேச சபைத் தவிசாளர், கமநல அபிவிருத்தி உதவி ஆணையாளர், மத்திய சுற்றாடல் அதிகார சபை ஆகியோருக்கு.

அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அதையே முதல் ஆட்சேபனையாக எழுதலாம். வடக்கில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் தரும்வரை கருத்துக் காலத்தை நீடிக்கும்படி கேளுங்கள். ஆனால் நீடிப்பார்கள் என்று நம்பிக் காத்திருக்காமல் பழைய தவணைக்குள்ளேயே ஒரு கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அளந்து கணக்குப் போட்டு எழுதியது பலன் தந்த கதை வடக்கில் நடந்ததே. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகப் பயனாளியின் கணக்குக்கே வந்தது, அவரே மேசனைப் பிடித்துக் கட்டினார். அதற்குப் பிறகு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது, ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம். வெக்கை, துரு, பின்னாளில் ஒரு அறை கூட்டிக் கட்ட முடியாமை, உள்ளூர் மேசனுக்கு வேலை இல்லாமை என்று ஒவ்வொன்றாகப் பொறியியலாளர்களும் எழுதினார்கள், கல்வீட்டுக்கான மாற்று மதிப்பீட்டையும் போட்டுக் காட்டினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இதற்கு மறுபக்கம் வவுனியாப் பொருளாதார மத்திய நிலையம். 2016 இல் தாண்டிக்குளமா ஓமந்தையா என்று அரசியல்வாதிகளுக்குள் இழுபறிப்பட்டு, இரண்டுமல்லாத இடத்தில் கட்டி, நெடுங்காலம் திறபடாமல் கிடந்தது. மரக்கறி கொண்டுவரும் கமக்காரனையும் அதை ஏற்றும் வியாபாரியையும் உட்காரவைத்து, எந்த நேரம் எந்த வழியால் வருகிறீர்கள் என்று கேட்டிருந்தால் இடத்தைப் பற்றி இவ்வளவு சண்டை தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

கூட்டத்தின் நேரமும் ஒரு ஆட்சேபனைதான். வேலை நாள் காலை பத்து மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை இழக்க வேண்டும். தை மாசியில் அரிவி வெட்டு. கரையோரத்தில் அந்த நேரம் வள்ளம் கரைக்கு வரும். பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் பெண்கள் பள்ளி விடும் நேரத்துக்கு எழும்பிப் போய்விடுவார்கள், அவர்களுக்கான கேள்வி கடைசியில்தான் வரும். பின்னேரம் நாலு மணிக்கு வைக்கும்படியும், பெண்களுக்குத் தனியாக ஒரு அமர்வு வைக்கும்படியும் ஒரு வாரம் முன்னரே கடிதம் கொடுங்கள். பயனாளிப் பட்டியல் வாசிக்க முன் புள்ளி முறையை வாசிக்கச் சொல்லுங்கள். பட்டியல் வந்த பிறகு கேட்டால் அது இன்னாருக்கு எதிராகக் கேட்டதாகிவிடும், ஊருக்குள் பகைதான் மிஞ்சும். தனித்து வாழும் முதியவர், பெற்றார் வளவில் ஒதுங்கியிருக்கும் புதுக் குடும்பம், காணிப் பத்திரம் இல்லாதவர் ஆகிய மூன்று வகையினரும் எந்தப் புள்ளியில் விழுகிறார்கள் என்று கேட்டாலே முறையின் குறை தெரிந்துவிடும்.

2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு பிரதேச சபைகளுக்கு உறுப்பினர்கள் திரும்ப வந்திருக்கிறார்கள். பிரதேச சபைச் சட்டத்தின்படி வீடமைப்பு, சமுதாய அபிவிருத்திக்கென ஒரு குழு உண்டு, அதில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கலாம். கரைச்சியிலோ துணுக்காயிலோ மாந்தை கிழக்கிலோ அந்தக் குழுவில் ஊரவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வட்டார உறுப்பினரிடம் பெயர் கொடுக்கலாம்.

கூட்டம் முடிந்து, அனுமதியும் கொடுத்து, பிறகு திட்டம் மாறினால்? இது அடிக்கடி நடக்கிறது. காட்டிய படத்தில் வீதி வடக்கே, போடுவது தெற்கே. தெற்கு அதிவேகப் பாதை வழக்கில் உயர் நீதிமன்றம் 2004 இல் இதைத்தான் எடுத்துக்கொண்டது. மதிப்பிட்ட பாதையை விட்டு விலகும்போது புதிதாகப் பாதிக்கப்படுபவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி அவர்களுக்கு நட்டஈடும் வழங்கியது. மாற்றத்தைக் கண்ட அன்றே திகதியோடு எழுதி வையுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு 1 மாதம்தான் காலம். அந்த 1 மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை நிலுவையில் இருக்கிறது என்பதற்கான கடிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு கோவையில் போட்டுச் சங்கத்தின் அலுமாரியில் வையுங்கள், செயலாளரின் வீட்டில் அல்ல. நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு அதையும் கையளிக்க வேண்டும். வருகிற கார்த்திகையில் முதல் பெருமழை விட்டதும், அடியில் குறியிட்ட ஒரு தடியைக் காணியின் தாழ்ந்த மூலையில் ஊன்றி, தண்ணீர் மட்டம் தெரியப் படம் எடுத்துத் திகதி எழுதி அதே கோவையில் சேர்த்துவிடுங்கள்.